28–3: அட்லாண்டா ஃபால்கன்ஸ் தோற்றது எந்த இடத்தில்?

அமெரிக்கக் கால்பந்து பார்க்கிறவர்களிடம் "28–3" என்று மட்டும் சொன்னால் போதும். எந்த அணி, எந்த வருஷம் என்று யாரும் திருப்பிக் கேட்கமாட்டார்கள். 2017 பிப்ரவரி 5, ஹூஸ்டன், 51வது சூப்பர் பௌல். மூன்றாவது குவார்ட்டரில் எட்டரை நிமிஷம் பாக்கி இருக்கும்போது அட்லாண்டா ஃபால்கன்ஸ் 28, நியூ இங்கிலாந்து பேட்ரியட்ஸ் 3. கடைசியில் கூடுதல் நேரத்தில் பேட்ரியட்ஸ் 34–28 என்று ஜெயித்தது. அதுவரை சூப்பர் பௌலில் 10 புள்ளிக்கு மேல் பின்தங்கிப் போய் ஜெயித்தவர்களே கிடையாது. இவர்கள் 25 புள்ளிப் பள்ளத்திலிருந்து ஏறி வந்தார்கள்.

இந்த ஆட்டத்தைப் பற்றி எழுதியவர்கள் ஏராளம். கிடைத்தவரை படித்துவிட்டேன், ஆட்டத்தையும் நாலு தடவை முழுசாகப் பார்த்துவிட்டேன். அட்லாண்டா பக்கத்தைப் பேசும் எழுத்தில் முக்கால்வாசி ரெண்டே வகைதான். ஒன்று, "பசங்க பயந்துட்டாங்க". இன்னொன்று, "கைல் ஷானஹனுக்குத் திமிர். பந்தை ஓடி எடுத்துக்கிட்டு நேரத்தைக் கரைக்காம பாஸ் போட்டே கெடுத்துட்டார்". முதலாவதை விமர்சனம் என்றே நான் எண்ணவில்லை. அது வசவு. ரெண்டாவதில் உண்மை இருக்கிறது, ஆனால் பாதிதான். என் குறை அந்த மீதிப் பாதியைப் பற்றியது.

இந்த ஆட்டம் பழக்கமில்லாதவர்களுக்கு ரெண்டு விதி மட்டும். நாலு வாய்ப்புக்குள் 10 யார்டு முன்னேறினால் பந்து உங்களிடமே இருக்கும். ஒவ்வொரு வாய்ப்புக்கும் டவுன் என்று பெயர். அடுத்தது கடிகாரம். பந்தைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடி, மைதானத்துக்குள்ளேயே விழுந்தால் கடிகாரம் ஓடிக்கொண்டே இருக்கும். பாஸ் யார் கையிலும் சேராமல் தரையில் விழுந்தால் நின்றுவிடும். அதனால் முன்னிலையில் இருக்கிற அணி ஓடும், பின்னால் இருக்கிற அணி எறியும்.

இப்போது அந்த சீசன். 2015-ல் ஃபால்கன்ஸ் முதல் ஐந்து ஆட்டத்தையும் ஜெயித்துவிட்டு, கடைசியில் 8–8 என்று முடித்தது. டான் குவின் தலைமைக் கோச்சாகவும், ஷானஹன் தாக்குதலுக்குப் பொறுப்பாகவும் வந்த முதல் வருஷம் அது. குவார்ட்டர்பேக் மேட் ரயன் 21 டச்டவுன் பாஸ் போட்டு, 16 தடவை எதிரணி கையில் பந்தைக் கொடுத்தார். அணி மொத்தம் 339 புள்ளி எடுத்தது. அடுத்த வருஷம் அதே கோச், அதே ஷானஹன், அதே ரயன். ஆனால் 540 புள்ளி! லீகிலேயே முதலிடம், ரெண்டாவதாக வந்த நியூ ஆர்லீன்ஸ் 469 தான். ரயன் 4,944 யார்டு, 38 டச்டவுன், 7 தவறு. அந்த வருஷத்து எம்.வி.பி. அவர்தான்.

எப்படி இந்தத் தாவல்? க்ளீவ்லேண்டிலிருந்து அலெக்ஸ் மாக் என்ற சென்டரைக் கூட்டி வந்தார்கள். பந்தைப் பின்னால் தள்ளி ஆட்டத்தைத் தொடங்கி வைப்பவர் சென்டர். ஷானஹனின் முறைக்கு அவர்தான் அச்சாணி. அவுட்சைடு ஸோன் என்று சொல்லப்படும் இந்த முறை அவர் அப்பா மைக் ஷானஹன் டென்வரில் ரெண்டு சூப்பர் பௌல் ஜெயித்த காலத்திலிருந்தே குடும்பச் சொத்து மாதிரி. முன்வரிசை ஐந்து பேரும் ஒரே தாளத்தில் பக்கவாட்டில் நகர்வார்கள். ஓடுகிறவர் அந்த நகர்வோடு போய், எங்கே இடைவெளி விழுகிறதோ அங்கே சட்டென்று வெட்டி உள்ளே நுழைவார். இதில் அழகு என்னவென்றால், ஓடப்போவது மாதிரி பாசாங்கு பண்ணிவிட்டு பாஸ் போடும்போதும் முதல் ஒரு விநாடிக்கு எல்லாம் அச்சு அசல் அப்படியேதான் இருக்கும். தடுப்பாட்டக்காரர் எதை நம்பினாலும் மாட்டிக்கொள்வார்.

அந்த வருஷம் ரயன் 13 வெவ்வேறு ஆட்களுக்கு டச்டவுன் பாஸ் போட்டார். அதற்கு முன்னால் எந்த குவார்ட்டர்பேக்கும் ஒரே சீசனில் அத்தனை பேருக்குப் போட்டதில்லை. ஹூலியோ ஜோன்ஸ் என்ற மகா ரிசீவர் கையில் இருக்கும்போது இப்படிப் பங்கு போட்டதுதான் எனக்குப் பெரிய விஷயமாகப் படுகிறது. அக்டோபர் 2 கரோலினா ஆட்டத்தில் ரயன் 503 யார்டு, ஜோன்ஸ் ஒருத்தரே 300 யார்டு. ஒரு வாரம் கழித்து நடப்புச் சாம்பியன் டென்வருக்கு எதிராக, அவர்கள் ஊரிலேயே, ஜோன்ஸை விட்டுவிட்டு டெவின் கோல்மன் என்ற ஓட்டக்காரருக்கு பாஸ் போட்டு ஜெயித்தார்கள். எதிரணி எதைப் பூட்டுகிறதோ அதற்குப் பக்கத்துக் கதவைத் திறக்கிற அணி.

ஆனால் தடுப்பாட்டம்? 406 புள்ளி விட்டுக்கொடுத்தது. 32 அணியில் 27வது இடம். டியான் ஜோன்ஸ், கியானு நீல் என்று பாதிப்பேர் முதல் வருஷப் பையன்கள். சிறந்த கார்னர்பேக் டெஸ்மண்ட் ட்ரூஃபான்ட் காயத்தால் பாதியிலேயே வெளியேறிவிட்டார். விக் பீஸ்லி 15.5 சாக்குடன் லீகிலேயே முதலிடத்தில் இருந்தது உண்மை. ஆனால் மொத்தமாகப் பார்த்தால் இது எதிரணியை அடக்குகிற தடுப்பு இல்லை.

ஹூஸ்டனில் நடந்தது ஏற்கெனவே ஒருமுறை சின்ன அளவில் நடந்திருக்கிறது. அக்டோபர் 23, சொந்த ஊர், சான் டியாகோ சார்ஜர்ஸுக்கு எதிரான ஆட்டம். 27–10 என்று ஃபால்கன்ஸ் முன்னிலை. அப்படியே விட்டுக்கொடுத்து, கூடுதல் நேரத்துக்குப் போய், சொந்தப் பாதியில் நாலாவது டவுனில் 1 யார்டுக்காக ஓடிப் பார்த்து, மாட்டிக்கொண்டு, 33–30 என்று தோற்றார்கள். டிசம்பரில் கான்சஸ் சிட்டியிடம் தோற்றது இன்னும் வேடிக்கை. டச்டவுன் போட்டு 28–27 என்று முந்திவிட்டு, கூடுதல் 2 புள்ளிக்கு பாஸ் போட, எரிக் பெரி அதைப் பறித்து அந்தக் கோடி வரைக்கும் ஓடிவிட்டார். விதிப்படி 2 புள்ளி அவர்களுக்கு. 29–28. அந்த சீசனின் ஐந்து தோல்வியில் மூன்று, மூன்று புள்ளிக்குள் வந்தவை. சூப்பர் பௌல் தோல்வியை ஆகாயத்திலிருந்து விழுந்த இடி மாதிரி எழுதுகிறவர்கள் இந்த அக்டோபர் ஆட்டத்தைத் திரும்பிப் பார்ப்பதே இல்லை.

பிளேஆஃபில் முதலில் சியாட்டில், 36–20. அடுத்தது கிரீன் பே, 44–21. அந்த ரெண்டாவது ஆட்டம் ஜார்ஜியா டோமில் நடந்த கடைசி ஆட்டம். பாதி நேரத்தில் 24–0. ரயன் 392 யார்டு, நாலு டச்டவுன் பாஸ், போதாதென்று தானே ஓடி ஒன்று. ஹூலியோ ஜோன்ஸ் 180 யார்டு. 44–21 என்ற எண்ணைப் பார்த்தால் கிரீன் பே ஓரளவு ஈடு கொடுத்தது போலத் தோன்றும். இல்லவே இல்லை. மூன்றாவது குவார்ட்டரில் 31–0 ஆன பிறகு வந்த புள்ளிகள் அவை. "பெரிய முன்னிலையை இவங்களால காப்பாத்த முடியாது" என்கிறவர்கள், ரெண்டே வாரம் முன்னால் ஆரன் ராட்ஜர்ஸ் எதிரே நிற்கும்போது இதே அணி காப்பாற்றியதையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.

சரி, ஹூஸ்டனுக்கு வருவோம். ஷானஹன் மேல் வைக்கிற குற்றச்சாட்டு ரெண்டு பாஸ் பற்றியது. எல்லோரும் இந்த ரெண்டையும் ஒரே மூட்டையில் கட்டிவிடுகிறார்கள். எனக்கு அதுதான் தப்பாகப் படுகிறது.

முதலாவது: நாலாவது குவார்ட்டரில் எட்டரை நிமிஷம் அளவில், 28–12. சொந்த 36 யார்டு கோட்டில் மூன்றாவது டவுன், 1 யார்டு வேண்டும். ரயன் பாஸ் போடப் பின்வாங்கினார். டாண்டா ஹைடவர் பக்கவாட்டில் புகுந்தார். அவரைத் தடுக்க வேண்டிய ஓட்டக்காரர் டெவோண்டா ஃப்ரீமன் தவறவிட்டார். பந்து தெறித்தது, பேட்ரியட்ஸ் கையில். அடுத்த சில நிமிஷத்தில் 28–20.

ரெண்டாவது: அதற்குப் பின்னால் வந்த சுற்று. ஃப்ரீமனுக்கு 39 யார்டு பாஸ். அப்புறம் ஹூலியோ ஜோன்ஸ் கோட்டோரத்தில் காற்றில் எம்பி, ரெண்டு கால் விரலையும் உள்ளே வைத்துப் பிடித்த 27 யார்டு. அணி ஜெயித்திருந்தால் இந்நேரம் அந்தப் பிடிக்குச் சிலையே வைத்திருப்பார்கள். பந்து நியூ இங்கிலாந்தின் 22 யார்டு கோட்டில். நேரம் நாலரை நிமிஷத்துக்குக் கொஞ்சம் மேலே. 8 புள்ளி முன்னிலை. முதல் டவுனில் ஃப்ரீமன் ஓடி 1 யார்டு இழந்தார். ரெண்டாவது டவுனில் ரயன் மறுபடி பாஸுக்குப் பின்வாங்கினார், ட்ரே ஃப்ளவர்ஸ் பிடித்து அமுக்கினார். 12 யார்டு போச்சு. அடுத்த பிளேயில் ஜேக் மாத்யூஸ் எதிராளியைப் பிடித்து இழுத்ததற்கு 10 யார்டு தண்டனை. ஃபீல்டு கோல் தூரத்திலிருந்தே வெளியே வந்துவிட்டார்கள். பந்தை உதைத்துத் திருப்பிக் கொடுக்க வேண்டியதாயிற்று.

முதலாவதில் ஷானஹன் எடுத்த முடிவை நான் குறை சொல்ல மாட்டேன். அங்கே வேண்டியது 1 யார்டு, அதாவது பந்தைத் தொடர்ந்து கையில் வைத்திருப்பது. அதற்கு ஓடலாம், எறியலாம். பேட்ரியட்ஸ் ஓட்டத்தைத்தான் எதிர்பார்த்திருக்கும், சீசன் முழுக்க இந்த அணி சோறு தின்றதே அந்த எதிர்பார்ப்பை ஏமாற்றித்தான். ஒரு ஆள் தடுப்பைத் தவறவிட்டார், விலை பெரிசாகிவிட்டது. நியாயமான முடிவுக்கு மோசமான பலன். தவிர, "ஓடியிருக்கலாமே" என்கிறவர்களுக்கு அக்டோபர் ஆட்டத்தை ஞாபகப்படுத்துகிறேன். அன்று அதே 1 யார்டுக்கு ஓடித்தான் தோற்றார்கள்.

ரெண்டாவது அப்படியில்லை. இங்கே வேண்டியது முதல் டவுனே இல்லை, 3 புள்ளி. ஃபீல்டு கோல் விழுந்தால் 31–20. 11 புள்ளி வித்தியாசத்தை ஒரே சுற்றில் எட்ட முடியாது. உதைக்கப்போகிறவர் மேட் பிரையன்ட், 41 வயசு, அந்த சீசனில் 37-க்கு 34 போட்டவர். 23 யார்டு கோட்டிலிருந்து உதைத்தால் 40 யார்டு சொச்சம், கூரை போட்ட ஸ்டேடியம், காற்று கிடையாது. ரெண்டு தடவை பந்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டு விழுந்தாலே போதும். நேரமோ கரையும், இல்லாவிட்டால் பேட்ரியட்ஸின் டைம் அவுட் கரையும். அந்த இடத்தில் சாக் ஆகக்கூடிய எதையுமே கூப்பிடக்கூடாது. குறிக்கோள் மாறிவிட்டது, கூப்பிட்டவர் மாறவில்லை.

ஆக, "ஷானஹன் ரொம்ப ஆக்ரோஷமாக ஆடினார்" என்ற பொத்தாம்பொதுவான விமர்சனம் எனக்கு ஒத்துவராது. அந்த ஆக்ரோஷம் இல்லாவிட்டால் 540 புள்ளி இல்லை, ஹூஸ்டனே இல்லை. ஒரு குறிப்பிட்ட பிளே, ஒரு குறிப்பிட்ட இடம், அங்கே தப்பு. இத்தோடு இன்னொன்றையும் சேர்க்கலாம். நாலாவது குவார்ட்டரில் பல தடவை அட்லாண்டா பிளே கிளாக்கில் நிறைய விநாடியை மிச்சம் வைத்தே பந்தை எடுத்துவிட்டது. பாஸா ஓட்டமா என்ற சண்டைக்கே அவசியமில்லாத விநாடிகள் அவை, சும்மா நின்றிருந்தால் போதும். இதைப் பற்றிய பேச்சு ரொம்பக் குறைவு, ஏனென்றால் திரும்பத் திரும்பக் காட்ட அதில் ஒரு காட்சி இல்லை.

எங்கள் தொழிலில் சிஸ்டம் விழுந்தால் மறுநாள் போஸ்ட்மார்ட்டம் கூட்டம் போடுவோம். முதல் பத்து நிமிஷம் எப்போதும் கடைசியாகக் கை வைத்தவரைத் தேடுவதில்தான் போகும். கொஞ்சம் விவரமானவர் யாராவது, "அது கிடக்கட்டும், அதுக்கு முன்னாடி மூணு மணி நேரமா லோடு ஏன் ஏறிக்கிட்டே இருந்துச்சு?" என்று கேட்ட பிறகுதான் கூட்டம் உருப்படும். இந்த ஆட்டத்திலும் அந்தக் கேள்வியைக் கேட்க வேண்டும்.

நான் அடிக்கோடு போட்டு வைத்திருக்கிற எண் 28–3 இல்லை. 93–46. பேட்ரியட்ஸ் ஆடிய பிளே 93, அட்லாண்டா ஆடியது 46. ஒன்றுக்கு ரெண்டு. பந்து பேட்ரியட்ஸ் கையில் இருந்த நேரம் நாற்பது நிமிஷத்துக்கு மேல்.

எப்படி இவ்வளவு ஆனது? பேட்ரியட்ஸ் கெட்டிக்காரத்தனம் ஒரு பக்கம் இருக்கட்டும். அட்லாண்டாவின் முதல் மூன்று டச்டவுனைப் பாருங்கள். முதலாவது 71 யார்டு, 5 பிளே. ரெண்டாவது 62 யார்டு, 5 பிளே. மூன்றாவது டாம் பிரேடியின் பாஸை ராபர்ட் ஆல்ஃபர்ட் பறித்து 82 யார்டு ஓடியது. அதில் அட்லாண்டா தாக்குதல் வரிசை ஆடிய பிளே பூஜ்யம். 21 புள்ளிக்கு மொத்தம் 10 பிளே. ஸ்கோர்போர்டுக்குத் திருவிழா. ஆனால் தடுப்பாட்டக்காரர்கள் பெஞ்சில் உட்கார்ந்து தண்ணீர் குடிக்கும் முன்னே மறுபடி எழுந்து வர வேண்டும். ஆல்ஃபர்ட் ஓடியபோது அவர்கள் உட்காரவே இல்லை. தடுத்து, பறித்து, 82 யார்டு கூடவே ஓடி, ஒரு கூடுதல் புள்ளி உதை முடிந்ததும் திரும்பக் களத்தில்.

அன்றைய தடுப்பு முழுக்க பிரேடியை நெருக்கி அடிப்பதில்தான் நின்றது. அது பலித்தது. பிரேடி ஐந்து தடவை சாக் ஆனார், அதில் மூன்று கிரேடி ஜாரெட் ஒருத்தரே. ஆனால் 130, 140 கிலோ ஆட்கள் ஒவ்வொரு பிளேயிலும் இன்னொரு 140 கிலோ ஆளைத் தள்ளிக்கொண்டு ஓடும் வேலை அது. 60 பிளே வரைக்கும் தாங்கும். 93?

28–3 ஆன அடுத்த சுற்றைப் பாருங்கள். பேட்ரியட்ஸ் 13 பிளேயில் 75 யார்டு, ஆறு நிமிஷத்துக்கு மேல். நடுவில் நாலாவது டவுனில் துணிந்து ஒரு பாஸ். 39 வயசு பிரேடி தானே 15 யார்டு ஓடினார்! அவரை அவ்வளவு தூரம் ஓடவிட்ட தடுப்பில் கால் ஓய்ந்துவிட்டது என்று அர்த்தம். பலன் வெறும் 6 புள்ளிதான், கூடுதல் புள்ளி உதையும் கம்பத்தில் பட்டுப் போயிற்று. 28–9. எல்லோரும் சிரித்தார்கள். என் கணக்கில் ஆட்டம் அங்கேதான் திரும்பியது, ஹைடவர் பந்தைத் தட்டிவிட்டபோது இல்லை. கடைசி ரெண்டு டச்டவுன் சுற்றிலும் பிரேடி முன்னால் நெருக்கடி பழைய மாதிரி வந்து சேரவில்லை. சமன் செய்த சுற்று 91 யார்டு, கூடுதல் நேரத்தில் 75 யார்டு. ஜேம்ஸ் வைட் ஒருத்தரே 14 பாஸ் பிடித்து 20 புள்ளி எடுத்தார். களைத்த லைன்பேக்கர்களுக்கு எதிராகக் குட்டிக் குட்டி பாஸ், அவ்வளவுதான்.

ஆக இந்த அணியை அங்கே கொண்டு சேர்த்த வேகமே அதைக் கவிழ்க்கவும் செய்தது. வேகமாகப் புள்ளி எடுக்கிற தாக்குதலும், இளசான, ஆழமில்லாத தடுப்பும் சேர்ந்தால் இதுதான் நடக்கும். 406 என்ற எண்ணும் 33–30 தோல்வியும் சீசன் முழுக்க இதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தன.

அன்று டிவியிலும் இணையத்திலும் ஓடிய "வெற்றி வாய்ப்பு 99 சதவீதத்துக்கு மேல்" என்ற எண்ணின் மேலும் எனக்கு ஒரு கோபம் உண்டு. அந்தக் கணக்கு ஸ்கோரையும் நேரத்தையும் பந்து இருக்கும் இடத்தையும் பார்க்கும். பதினொரு பேரின் மூச்சு வாங்குவது அதற்குத் தெரியாது. சராசரி அணி, சராசரி தடுப்பு என்றே எடுத்துக்கொள்ளும். பேட்ரியட்ஸுக்கு வேண்டியிருந்தது மூன்று டச்டவுன், ஒரு ஃபீல்டு கோல், ரெண்டு 2 புள்ளி முயற்சி, கூடுதல் நேரத்தில் இன்னொரு டச்டவுன். ஒவ்வொன்றும் தனித்தனி அதிர்ஷ்டம் என்று பெருக்கினால் நம்பமுடியாத சின்ன எண்தான் வரும். ஆனால் அவை தனித்தனி இல்லையே. ஒரே பவர் சப்ளையில் பத்து சர்வரை மாட்டிவிட்டு "பத்தும் ஒரே நேரத்தில் விழ வாய்ப்பே இல்லை" என்று கணக்குப் போட்டால் எப்படியிருக்கும், அந்த மாதிரி. முதல் சுற்றைத் தடுக்க முடியாத அதே கால்கள்தான் கடைசிச் சுற்றையும் தடுக்க வேண்டும்.

அதிர்ஷ்டமே இல்லை என்று சொல்லவரவில்லை. 91 யார்டு சுற்றில் ஜூலியன் எடெல்மன் பிடித்த பாஸ் இருக்கிறதே, ஆல்ஃபர்ட் கையில் பட்டுத் தெறித்து, மூன்று பேர் மேலே விழ, தரைக்கு ரெண்டு அங்குலம் மேலே பிடித்தது. 82 யார்டு ஓடிய அதே ஆல்ஃபர்ட். கூடுதல் நேரத்துக்கு நாணயம் சுண்டியதும் பேட்ரியட்ஸ் பக்கமே விழுந்தது. அப்போதைய விதிப்படி முதல் சுற்றிலேயே டச்டவுன் விழுந்தால் ஆட்டம் முடிந்தது. அந்த வருஷத்து எம்.வி.பி. பெஞ்சில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். பிளேஆஃபில் ரெண்டு அணிக்கும் பந்து கிடைக்க வேண்டும் என்று விதியை 2022-ல்தான் மாற்றினார்கள், அதுவும் பஃபலோவுக்கு இதே கதி வந்த பிறகு.

மறுநாளே ஷானஹன் சான் ஃபிரான்சிஸ்கோவின் தலைமைக் கோச் ஆனார். 2020 பிப்ரவரியில் சூப்பர் பௌலில் 20–10 முன்னிலையிலிருந்து கான்சஸ் சிட்டியிடம் 31–20 என்று தோற்றார். 2024-ல் மறுபடி அதே அணியிடம், கூடுதல் நேரத்தில், 25–22. நான் மேலே எழுதியதற்கு இது சங்கடமான சாட்சிதான், ஒத்துக்கொள்கிறேன். மூன்று தடவை என்றால் அவரிடமும் ஏதோ இருக்கிறது என்று யாராவது சொன்னால் நான் சண்டைக்கு வரமாட்டேன். ஆனால் மேட் ரயனையும் பாருங்கள். 2022 டிசம்பரில் இண்டியானாபோலிஸ் அணிக்கு ஆடியபோது மினசோட்டாவுக்கு எதிராக 33–0 முன்னிலை. 39–36 என்று தோற்றார்கள். என்.எஃப்.எல். வரலாற்றிலேயே அதுவரை இல்லாத பெரிய திருப்பம். அங்கே ஷானஹன் இல்லை. அன்றைக்கும் ரயனின் அணி பாதி நேரத்துக்குள் தாக்குதலால் மட்டுமில்லாமல், தடுத்து உதைத்த பந்தாலும் பறித்த பந்தாலும் டச்டவுன் எடுத்திருந்தது.

அலெக்ஸ் மாக் ஹூஸ்டனில் ஆடியது கால் எலும்பு முறிந்த நிலையில். 46 பிளேயும் அவர்தான் பந்தைத் தொடங்கி வைத்தார். வசதி கிடைத்தால் அந்த 44–21 ஆட்டத்தின் முதல் பாதியைத் தேடிப் பாருங்கள். பந்தை விட்டுவிட்டு, நடுவில் 51ஆம் நம்பரை மட்டும் பாருங்கள்.